350இசட்: ஸ்டார்ட்டர் சுத்தல. கிளட்ச் பெடல் சுவிட்ச் போயிடுச்சா?

மலைப்பாதை350

வண்டி 2005 நிசான் 350இசட். 6 கியர் மேனுவல், அமெரிக்க மாடல், பட்டன் கிடையாது, சாவி ஸ்டார்ட்தான்.

கிளட்சை மிதிச்சுட்டு சாவியைத் திருப்பினா பத்துக்கு ஆறு தடவை ஒரு சத்தமும் வரல. "டக்"னு கூட இல்ல. டேஷ் விளக்கெல்லாம் நல்லா எரியுது. பெடலை விட்டு விட்டு நாலஞ்சு தடவை ஓங்கி மிதிச்சா திடீர்னு ஸ்டார்ட் ஆகிடுது. ஸ்டார்ட் ஆன பிறகு எந்தக் குறையும் இல்ல. கியர் சுலபமா விழுது, க்ரூஸ் கன்ட்ரோலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வேகத்தைப் பிடிச்சு வைக்கறது) வேலை செய்யுது. பேட்டரி புதுசு, 12.6 வோல்ட் காட்டுது.

ஒர்க்‌ஷாப்ல ஸ்டார்ட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க. எனக்கு கிளட்ச் சுவிட்ச் மேலதான் சந்தேகம். உறுதிப்படுத்திக்கறது எப்படி? நானே மாத்திட முடியுமா? என்னென்ன வாங்கணும்?

---

வயரிங் வாத்தியார்

ஸ்டார்ட்டருக்கு இப்போ காசு கொடுக்காதீங்க. பெடலை ஓங்கி மிதிச்சா சரியாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பாதி விடை அதுலயே இருக்கு. ஸ்டார்ட்டருக்கு உங்க கால் எவ்வளவு அழுத்துதுன்னு தெரியாது.

இந்த வண்டியோட கிளட்ச் பெடல்கிட்ட ரெண்டு சுவிட்ச் இருக்கு. பெடல் தரை வரைக்கும் போனா மட்டும் ஸ்டார்ட்டரை விடறது ஒண்ணு, அதை இன்டர்லாக்னு சொல்லுவோம். பெடலைத் தொட்டதும் க்ரூஸ் கன்ட்ரோலை விடுவிக்கறது இன்னொண்ணு. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மரை போட்ட உடம்பு, ஒரு லாக் நட், நுனியில உள்ளே போய் வெளியே வர்ற சின்ன முள், பின்னால ரெண்டு வயர். எது எதுன்னு குழப்பமா இருந்தா பெடலைக் கையால மெதுவா கீழே தள்ளிப் பாருங்க. பெடல் மேலே நிக்கும்போதே அழுந்தியிருந்து, தள்ளினதும் முள் வெளியே வர்றது க்ரூஸ் சுவிட்ச். கடைசி ஒரு விரற்கடை தூரத்துல முள் உள்ளே போறது இன்டர்லாக். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

சுவிட்சைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு. ஹெட்லைட்டைப் போட்டு, ஸ்டார்ட் ஆகாத நேரத்துல சாவியை ஸ்டார்ட் நிலையிலயே பிடிங்க. விளக்கு நல்லா மங்கினா கரண்ட் ஸ்டார்ட்டர் வரைக்கும் போகுது. அப்போ பேட்டரி டெர்மினல், எர்த் வயர், ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்க. விளக்கு கொஞ்சம்கூட அசையாம இருந்தா ஸ்டார்ட்டருக்குக் கட்டளையே போகல. அப்புறம் சாவி ஆன்ல இருக்கும்போது செக்யூரிட்டி விளக்கு அணைஞ்சிருக்கணும். அது எரிஞ்சுட்டோ மின்னிட்டோ இருந்தா பிரச்சனை வேற, சாவியில இருக்கற சிப் பக்கம் போகணும்.

விளக்கு மங்கல, செக்யூரிட்டி விளக்கும் அணைஞ்சிருக்குன்னா இன்டர்லாக் கனெக்டரைக் கழட்டுங்க. லாக் நாக்கை அமுக்கிக்கிட்டு பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. மல்டிமீட்டரை 200 ஓம்ல வச்சு, முதல்ல ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு மீட்டர் வயரோட சொந்த அளவு எவ்வளவுன்னு பாருங்க. 0.2, 0.3 வரும். அதை மனசுல கழிச்சுக்கணும். அப்புறம் முனைகளை சுவிட்சோட ரெண்டு பின்லயும் வையுங்க.

முள்ளை விரலால முழுசா அமுக்கினா ஒரு ஓமுக்குக் கீழே வரணும். விட்டா மீட்டர் தொடர்பே இல்லைன்னு காட்டணும். அமுக்கிப் பிடிச்சபடியே முள்ளை லேசா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டுங்க. அளவு குதிச்சா உள்ளே காண்டாக்ட் போச்சு.

விரலால அமுக்கினா சரியா இருக்கு, பெடலால அமுக்கினா வரலன்னா சுவிட்ச் மேல குத்தம் இல்ல. பெடல்ல இருக்கற ரப்பரைப் பாருங்க.

---

ரெஞ்சு

வாத்தியார் கடைசியா சொன்ன ரப்பரை நான் முதல்ல பார்க்கச் சொல்லுவேன். பெடல் தகட்டுல ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைச்ச மாதிரி ஒரு சின்ன பட்டன் ரப்பர் உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் முள்ளை அமுக்கறதே அந்த ரப்பர்தான், தகடு இல்ல. 15, 20 வருஷ வண்டியில அது காய்ஞ்சு பொடியாகி விழறது சகஜம். விழுந்துட்டா முள் ஓட்டைக்குள்ள சொருகிக்கும், யாரும் அதை அமுக்க மாட்டாங்க.

இன்னொண்ணையும் கவனிங்க. ரப்பர் இல்லாம ஓட்டினா பெடல் தகடு நேரா சுவிட்சோட மரை முனையிலயே போய் மோதும். ஓங்கி ஓங்கி மிதிச்சு ஸ்டார்ட் பண்ணினா அந்த அடி முழுக்க சுவிட்சுக்குத்தான். இப்படித்தான் நாலணா ரப்பரால நல்ல சுவிட்சும் சேர்ந்து போகுது. அதனால சுவிட்ச் வாங்கறப்போ ரப்பரையும் சேர்த்தே வாங்குங்க. ரப்பர் நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் வாங்குங்க. நகத்தால அமுக்கிப் பாருங்க, பள்ளம் விழுந்து மீளணும். கல்லு மாதிரி இருந்தா அதுவும் சீக்கிரம் விழும்.

தரை மேட்டைத் தூக்கிப் பார்த்தீங்களா? மேட்டுக்கு மேல மேட் போட்டிருந்தா பெடல் தரையைத் தொடறதுக்கு முன்னாடியே நின்னுடும். சுவிட்சையே மாத்தின பிறகு கண்டுபிடிக்கற காரணம் இது, முன்னாடியே பார்த்துட்டா நல்லது.

---

தள்ளு ஸ்டார்ட்

இவ்வளவு எதுக்கு ப்ரோ? அந்த ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்திடுங்க. கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகும். இன்னொரு லாபமும் இருக்கு. கிளட்சை மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணினா எண்ணெய் ஏறாத நேரத்துல கிராங்க்கோட த்ரஸ்ட் பேரிங்ல, அதாவது எஞ்சின் தண்டு முன்னும் பின்னும் நகராம தாங்கற பேரிங்ல, அழுத்தம் விழுது. அதுவும் மிச்சம்.

---

வயரிங் வாத்தியார்

சோதனைக்கு மட்டும்னா சரி. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் முழுசா, காலை பிரேக்ல வச்சுக்கிட்டு, கனெக்டரோட வயர் பக்கத்து ரெண்டு முனையையும் ஃப்யூஸ் போட்ட சின்ன வயரால இணைச்சு சாவியைத் திருப்புங்க. சுத்தினா குத்தம் சுவிட்ச்லயோ ரப்பர்லயோன்னு முடிவு. சுத்தலன்னா ரிலே, சாவி சுவிட்ச், ஸ்டார்ட்டர்னு அடுத்த இடத்துக்குப் போகணும்.

நிரந்தரமா முறுக்கி விடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்போர்ட்ஸ் காரை கியர்ல விட்டுத்தான் பார்க் பண்றோம். ஹோட்டல்ல வண்டியை வாங்கி நிறுத்தற வாலே பையனோ வீட்டுல இன்னொருத்தரோ வெளியே நின்னபடி சாவியைத் திருப்பினா வண்டி எகிறிப் போய் எதிர்ல இருக்கறதுல மோதும். த்ரஸ்ட் பேரிங் வாதம் பொய் இல்ல, கிளட்ச் ஸ்பிரிங் அழுத்தம் அங்கேதான் விழுது. ஆனா ஸ்டார்ட் ஆனதும் நியூட்ரல்ல வச்சுக் காலை எடுத்துடலாம், அதுக்கு வயரை வெட்ட வேண்டாம். கனமான ரேஸ் கிளட்ச் போட்டவங்க அதைப் பத்திக் கவலைப்படட்டும்.

---

மலைப்பாதை350

பார்த்தாச்சு. ஹெட்லைட் கொஞ்சமும் மங்கல. செக்யூரிட்டி விளக்கு அணைஞ்சிருக்கு. வயரை இணைச்சு நியூட்ரல்ல பத்துத் தடவை திருப்பினேன், பத்துத் தடவையும் சுத்துச்சு.

மேட்டைத் தூக்கினா கார்பெட் ஓரத்துல பழுப்பா மூணு துண்டு கிடக்குது. விரல்ல எடுத்தா அச்சுவெல்லம் மாதிரி உதிருது. பெடல் தகட்டுல ஓட்டை காலி. சுவிட்சோட மரை முனையில ஒரு பக்கம் மட்டும் நசுங்கி பளபளன்னு இருக்கு. முள்ளை விரலால அமுக்கினா ஒரு தடவை 0.4, அடுத்த தடவை 180, அப்புறம் ஒண்ணுமே இல்ல.

ரெண்டையும் ஆர்டர் பண்ணிடறேன். மாத்தற முறையை வரிசையா சொல்லுங்க. பேட்டரியைக் கழட்டணுமா?

---

ரெஞ்சு

ரப்பர் விழுந்து சுவிட்சையும் அடிச்சுக் கொன்னுடுச்சு, படம் தெளிவு.

வண்டியோட VIN (சேசிஸ் நம்பர்) கொடுத்து இன்டர்லாக் சுவிட்ச் ஒண்ணு, பெடல் தகட்டுல உட்கார்ற அந்த பட்டன் ரப்பர் ரெண்டு வாங்குங்க. ரெண்டு எதுக்குன்னா, க்ரூஸ் சுவிட்சை அமுக்கற ரப்பரும் அதே வயசுதான். க்ரூஸ் சுவிட்சை இன்டர்லாக் இடத்துல போட்டுப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க, கேட்டு வாங்கினதை மட்டும் போடுங்க. கருவின்னு பார்த்தா ஓப்பன் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள்), தலையில மாட்டற டார்ச், பெயின்ட் மார்க்கர், ஒரு முழம் நீளத்துக்கு மரக்கட்டை. அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழட்ட வேண்டாம். சாவியை வெளியே எடுத்துப் பையில போட்டுக்கங்க, அது போதும். இந்த வண்டிக் கதவுக்குக் கண்ணாடிச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கறப்போ கண்ணாடி கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும், மூடினதும் ஏறிக்கும். பேட்டரி இல்லாதப்போ கதவைச் சாத்தினா கண்ணாடி இறங்காம ரப்பர் பட்டையில போய் இடிக்கும். பழக்கதோஷத்துல பேட்டரியைக் கழட்டித்தான் ஆவேன்னா கதவைத் திறந்தே வையுங்க. ஸ்டியரிங் தண்டுக்கிட்ட மஞ்சள் உறை போட்ட வயர் தெரிஞ்சா அது ஏர்பேக்குடையது, அது பக்கமே போகாதீங்க.

சீட்டை முழுசா பின்னால தள்ளி, முதுகைத் தரையில வச்சு மல்லாந்து படுத்துக்கங்க. வேற வழி இல்ல. படுத்ததும் முதல் வேலை பழைய சுவிட்ச் பிராக்கெட்டுல எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்குன்னு மரையில மார்க்கரால ஒரு கோடு. அது சரியான அளவா இருக்கணும்னு இல்ல. ஆனா புதுசைப் போடறப்போ எங்கே ஆரம்பிக்கறதுன்னு தெரியும்.

அடுத்து கனெக்டரைக் கழட்டுங்க. இதை மறந்துட்டு சுவிட்சைச் சுத்தினா வயர் முறுக்கிக்கும். லாக் நட்டைத் தளர்த்தி சுவிட்சைத் திருகி வெளியே எடுங்க. பிராக்கெட் வளைஞ்சிருக்கான்னு ஓரமா டார்ச் அடிச்சுப் பாருங்க. அடி வாங்கின சுவிட்சோட பிராக்கெட்டும் லேசா முன்னால சாய்ஞ்சிருக்கலாம். சாய்ஞ்சிருந்தா முள் ரப்பரோட நடுவுல படாம ஓரத்துல படும்.

ரப்பரை மாட்டறதுலதான் நிறைய பேர் திணறுவாங்க. அதோட கழுத்து ஓட்டையை விடக் கொஞ்சம் தடிமனா இருக்கும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணி தொட்டு விரலால அமுக்குங்க, பின்பக்கத்துல உதடு விரிஞ்சு நிக்கணும். கிரீஸோ எண்ணெயோ போடாதீங்க, ரப்பர் ஊதிப்போயிடும். ஸ்க்ரூடிரைவரால குத்தினா கழுத்து கிழிஞ்சு ரெண்டு மாசத்துல மறுபடி அச்சுவெல்லம்தான்.

அப்புறம் புது சுவிட்சைக் கோட்டளவுக்குத் திருகி, நட்டை விரல் இறுக்கத்துல விடுங்க. இனி அளவு வைக்கற வேலை.

---

வயரிங் வாத்தியார்

அளவை நான் சொல்றேன், மாத்தறவங்க அதிகமாத் தப்பு பண்றது இங்கேதான்.

பெடல் முழுசா கீழே இருக்கும்போது ரப்பருக்கும் சுவிட்சோட மரை முனைக்கும் நடுவுல 0.1 முதல் 1.0 மி.மீ. இடைவெளி வேணும். அளக்கறது மரை முனையிலேர்ந்துதான். முள்ளோட நுனியிலேர்ந்து அளந்துடாதீங்க, முள் அப்போ உள்ளே போயிருக்கும். 0.5 வச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் தப்பு தாங்கும்.

பெடலைக் கீழே பிடிச்சு வைக்க ஆள் தேவையில்ல. பெடலை கையால முழுசா தள்ளி, அந்த மரக்கட்டையை பெடலுக்கும் சீட்டோட முன் ஓரத்துக்கும் நடுவுல முட்டுக் கொடுத்துட்டு, சீட்டைக் கொஞ்சம் முன்னால நகர்த்திப் பூட்டுங்க. தலையை உள்ளே விடறதுக்கு முன்னாடி கட்டையை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. வழுக்கி வந்தா முகத்துலதான் அடிக்கும்.

0.5 மி.மீ. ஃபீலர் தகட்டை இடைவெளியில விட்டு, லேசா உரசிக்கிட்டு நகர்ற வரைக்கும் சுவிட்சைத் திருகுங்க. சுவிட்ச் உடம்பை ஒரு கையால சுத்த விடாம பிடிச்சுக்கிட்டு நட்டை இறுக்குங்க. மணிக்கட்டு பலம் போதும், முழங்கை பலம் வேண்டாம். இறுக்கின பிறகு மறுபடி அளந்து பாருங்க. நட்டு இறுகும்போது சுவிட்சும் கால் சுத்து கூடவே போகும், 0.5 வச்சது 0.2 ஆகியிருக்கும்.

இடைவெளி பூஜ்யமானா பெடலோட கடைசி நிறுத்தமே சுவிட்ச் ஆயிடும். ஒவ்வொரு மிதியும் அதுக்கு அடி, அடுத்த வருஷம் இதே கேள்வியோட வருவீங்க. 1 மி.மீ.க்கு மேல போனா முள் முழுசா உள்ளே போகாது. நல்ல சுவிட்சைப் போட்டும் ஓங்கி மிதிக்கற பழைய வியாதி தொடரும்.

இந்த அளவு வைக்கறதுக்கு முன்னாடி பெடல் உயரமும் விளையாட்டு இடைவெளியும் (கிளட்ச் வேலை செய்ய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெடல் சும்மா நகர்ற தூரம்) சரியா இருக்கணும். மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியா கிளட்சுக்கு அனுப்பறது) தண்டு நீளத்தையோ பெடல் உயரத்தையோ இனிமேல் மாத்துற எண்ணம் இருந்தா அதை முதல்ல முடிச்சுடுங்க. அதை அப்புறம் தொட்டா சுவிட்ச் அளவு மாறிடும்.

படுத்திருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டர் தண்டு உள்ளே வர்ற ரப்பர் உறையை விரலால தடவிப் பாருங்க. ஈரமா இருந்தா கிளட்ச் ஆயில் கசியுது. பெயின்ட் உரிஞ்ச தடம் கீழ் நோக்கி இருந்தாலும் அதே அர்த்தம்தான். அப்போ பெடல் முழுசா மேலே வராது, சுவிட்சை எப்படி வச்சாலும் நிக்காது. மாஸ்டரை மாத்திட்டுத்தான் இந்த அளவுக்கு வரணும்.

---

ரெஞ்சு

முடிச்ச பிறகு சோதனையை இப்படிப் பண்ணுங்க. நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பெடலைத் தொடாம சாவியைத் திருப்பினா சுத்தக் கூடாது. பாதி வரைக்கும் மிதிச்சுத் திருப்பினாலும் சுத்தக் கூடாது. முழுசா மிதிச்சா ஓங்காமலே சுத்தணும். அடுத்து முன்னால திறந்த இடம் இருக்கற மாதிரி நிறுத்தி, பிரேக்கை நல்லா மிதிச்சு, முதல் கியர்ல போட்டு, கிளட்ச் முழுசா கீழே வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. வண்டி முன்னால இழுக்கக் கூடாது. இழுத்தா சுவிட்ச் சரியாவே இருந்தாலும் கிளட்ச் முழுசா விடல, ஹைட்ராலிக்கைப் பார்க்கணும்.

ரப்பர் பார்சல் வர வரைக்கும் வண்டி வேணும்னா, பம்பர் உறைக்குப் போடற நைலான் கிளிப் ஒண்ணை அந்த ஓட்டையில சொருகலாம், தலை தட்டையா இருக்கணும். போல்ட் நட்டுன்னு சிலர் போடறாங்க. கழண்டு பெடலுக்கு அடியில விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க பழைய சுவிட்சுக்கு கிளிப்பும் உதவாது, காண்டாக்டே குதிக்குதே. அவசரத்துக்கு சரிவுல உருட்டி 2ஆம் கியர்ல விட்டா ஸ்டார்ட் ஆகும். இன்டர்லாக் தடுக்கறது ஸ்டார்ட்டரை மட்டும்தான்.

---

தள்ளு ஸ்டார்ட்

என் பேரையே வைத்தியமா சொல்லிட்டீங்க. சரி, வயர் முறுக்கறதை வாபஸ் வாங்கிக்கறேன்.

---

மலைப்பாதை350

மாத்தியாச்சு. ரெண்டு ரப்பரும் புதுசு, இடைவெளி 0.5, இறுக்கின பிறகு 0.4. ஸ்டார்ட் ஒரே மிதியில ஆகுது, முதல் கியர்லயும் இழுக்கல.

புதுசா ஒரு சிக்கல். இப்போ க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்கல. டேஷ்ல க்ரூஸ் மெயின் விளக்கு எரியுது, வேகத்தை செட் பண்ண முடியல. செக் எஞ்சின் விளக்கு எரியல. ஆனா ஸ்கேனரைப் போட்டா பி1572ன்னு ஒரு கோளாறு கோட் காட்டுது. அது பிரேக் சுவிட்ச் கோட்னு வருது. பிரேக் பக்கமே நான் போகல.

---

வயரிங் வாத்தியார்

பிரேக்கைத் தொடவே வேண்டாம். மேனுவல் வண்டியில க்ரூஸுக்கான பிரேக் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் ஒரே வயர்ல ஒண்ணு பின்னால ஒண்ணா இருக்கு. வண்டியோட கம்ப்யூட்டருக்கு எதுல தொடர்பு அறுந்திருக்குன்னு தெரியாது, ரெண்டுக்கும் பி1572ன்னுதான் எழுதும். அதுக்கு செக் எஞ்சின் விளக்கு எரியாது.

க்ரூஸ் பக்கத்து ரப்பரையும் மாத்தினீங்க இல்லையா? பழசு தேய்ஞ்ச அளவுக்கு யாரோ எப்பவோ சுவிட்சை வச்சிருப்பாங்க, இல்லன்னா ரப்பரை மாத்தறப்போ நீங்களே அந்த நட்டைத் தளர்த்தியிருப்பீங்க. ரப்பரோட உதடு முழுசா விரியாம சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாலும் முள் ஓரமா வழுக்கும். இந்த சுவிட்ச் இன்டர்லாக்குக்கு நேர் எதிர். பெடல் மேலே நிக்கும்போது தொடர்பு இருக்கணும், கொஞ்சம் தொட்டதும் அறுபடணும். கனெக்டரைக் கழட்டி பெடலை விட்ட நிலையில ஓம் பாருங்க. தொடர்பு இல்லன்னா ரப்பர் நேரா இருக்கான்னு பார்த்துட்டு, பெடல் மேலே இருக்கும்போது மரை முனைக்கும் ரப்பருக்கும் அதே 0.1 முதல் 1.0 மி.மீ. வையுங்க.

ரொம்பவும் நெருக்கிடாதீங்க. சுவிட்ச் பெடலைக் கீழ் நோக்கித் தள்ளிப் பிடிச்சா கிளட்ச் எப்பவும் ஒரு நூல் மிதிச்ச மாதிரியே இருக்கும். சரி பண்ணினதும் ஸ்கேனரால அந்த பி1572ஐ அழிச்சுட்டு, காலியான ரோட்டுல க்ரூஸைப் போட்டு கிளட்சை லேசா தொட்டுப் பாருங்க. உடனே விடணும். விடாம எஞ்சின் சீறினா இடைவெளி இன்னும் தப்பு.

---

மலைப்பாதை350

ரப்பர் ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் இருந்துச்சு, பின்னால உதடு பாதிதான் வெளியே வந்திருந்தது. சோப்புத் தண்ணி தொட்டு அமுக்கினதும் "டப்"னு உட்கார்ந்துச்சு. இடைவெளி 0.6. க்ரூஸ் பிடிக்குது, கிளட்சைத் தொட்டா விடுது. பி1572ம் திரும்ப வரல.